ரிசல்ட்டுக்கு எவ்வளவு?

முன்வரிசையைப் பிடித்துக்கொண்டிருக்கும் என் பழைய சக ஆசிரியர்களே,

ஆசிரியர்களுக்கு வேலையின் தரத்தைப் பார்த்துச் சம்பளம் கொடுக்க வேண்டுமா என்ற தலைப்பை எனக்குக் கொடுத்தவர்கள் கொஞ்சம் குறும்புக்காரர்கள்தான். பேச வந்திருப்பவன் முப்பத்து நான்கு வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அதில் கடைசி ஆறு வருஷம் தலைமையாசிரியர். இப்போது மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்குகிறவன். ‘வேண்டாம்’ என்று சொன்னால் இனத்துக்கு இனம் பரிந்து பேசுகிறான் என்பீர்கள். ‘வேண்டும்’ என்று சொன்னால், தன் சம்பளமெல்லாம் கைக்கு வந்து சேர்ந்த பிறகு பிறந்த ஞானம் என்பீர்கள். இரண்டு சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் மடியில் முடிந்துகொண்டே கேளுங்கள்.

ஒரு மனக்குறையிலிருந்து தொடங்குகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். ஒரே வருஷத்தில் வேலைக்கு வந்த இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். ஒருவர் அறிவியல் ஆசிரியை. ஆய்வகம் என்று தனி அறை இல்லாத பள்ளி. பிளாஸ்டிக் வாளி, சைக்கிள் டியூப், ஊசி இல்லாத சிரிஞ்சு, இவற்றை வைத்தே காற்றழுத்தம் என்றால் என்னவென்று பிள்ளைகள் விரலில் உணரும்படி செய்துவிடுவார். ஐந்தே கால் பஸ்ஸை விட்டுவிட்டு ஆறரை பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவார். இன்னொருவர் வகுப்புக்குப் போவார், அட்டென்டன்ஸ் எடுப்பார், ஒரு பையனை எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு நாற்காலியைச் சுவரில் சாய்த்துக்கொள்வார். வெளியே அவருக்கு மனை வாங்கி விற்கிற தொழில். போன் வந்தால் வராந்தாவுக்கு வந்துவிடுவார். பிள்ளைகள் தங்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே அடிப்படைச் சம்பளம். ஒரே அகவிலைப்படி. வருஷத்துக்கு ஒருமுறை ஒரே 3 சதவீத இன்கிரிமென்ட். பத்தாவது வருஷம் தேர்வுநிலை, இருபதாவது வருஷம் சிறப்புநிலை, இரண்டும் ஒரே நாளில். இரண்டு பேருடைய பணிப்பதிவேட்டிலும் நான் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டேன். ஒருநாள் அந்த அம்மா கேட்டார்: “நீ எதுக்கு ஆறரை பஸ்ல வர்றேன்னு எங்க வீட்டுக்காரர் கேக்குறார் சார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல.” எனக்கும் தெரியவில்லை. அகவிலைப்படி அரியர் பில்லைப் பற்றி ஏதோ பேசிச் சமாளித்தேன்.

எல்லாருக்கும் ஒரே சம்பளம்தான் நியாயம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் அந்த அம்மாவுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, தகுதியைப் பார்த்துப் பதவி உயர்வும் சம்பளமும் என்று பேசியபோது நம் சங்கங்கள் எல்லாம் ஒரே குரலில் எதிர்த்தன. நானும் எதிர்த்தேன். ஆனால் எதிர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அந்த ஆறரை பஸ் நினைவுக்கு வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரிசல்ட்டுக்குத் தகுந்த பணம் என்பது ஏதோ மென்பொருள் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்த புது யோசனை என்று பலர் நினைக்கிறார்கள். இதற்கு வயது 160-ஐத் தாண்டிவிட்டது. ஒரு தேசம் முழுக்க முப்பது வருஷத்துக்கு மேல் இதை நடத்திப் பார்த்தாகிவிட்டது.

1862. இங்கிலாந்து. கல்வித் துறையின் பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் லோ. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு அரசு கொடுத்த மானியம் வருஷாவருஷம் ஏறிக்கொண்டே போனது. ஆனால் பிள்ளைகள் எழுதப் படிக்கத் தெரியாமலே பள்ளியை விட்டுப் போகிறார்கள் என்று முந்தைய வருஷம்தான் ஒரு விசாரணைக் குழு சொல்லியிருந்தது. லோ ஒரு சூத்திரம் போட்டார். பள்ளிக்குச் சராசரி வருகையைப் பார்த்து, ஒரு பிள்ளைக்கு 4 ஷில்லிங். அதற்கு மேல், ஒழுங்காகப் பள்ளிக்கு வந்து தேர்வில் உட்காரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 8 ஷில்லிங். இன்ஸ்பெக்டர் நேரில் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளையைச் சோதிப்பார். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழியும். 8 ஷில்லிங்கை மூன்றால் வகுத்துப் பாருங்கள், சரியாக வரும். கணக்கு வாத்தியாருக்குப் பிடித்த சூத்திரம்தான்.

அதுவரை அரசு ஆசிரியருக்கு நேரடியாகக் கொடுத்துவந்த தொகையும் நின்றது. எல்லாம் பள்ளி நிர்வாகத்தின் கைக்குப் போயிற்று. அதில் எவ்வளவு வாத்தியாருக்கு என்பது அவருடைய பேரம் பேசும் சாமர்த்தியம். ஆக, வகுப்பில் ஒரு பிள்ளை ‘க்யூ’வுக்குப் பக்கத்தில் ‘யு’ போட மறந்தால் வாத்தியார் வீட்டு அடுப்பு வரைக்கும் அது எட்டும்.

அடுத்து நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். சோதனை நாளன்று காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார்கள். எந்தப் புத்தகத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வாசிக்கச் சொல்வார் என்பது முன்பே தெரிந்ததால், வருஷம் முழுக்க அந்த ஒரு புத்தகத்தை உருப்போட வைத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடியே கடகடவென்று ‘வாசித்த’ பிள்ளைகளைப் பற்றி அந்தக் காலத்துக் கதைகள் உண்டு. பூகோளமும் சரித்திரமும் பாடத் திட்டத்தின் ஓரத்துக்கு ஒதுங்கின, அவற்றுக்குக் காசு இல்லாததால். 1867-ல் அவற்றுக்கும் தனியாக ஒரு விலை போட வேண்டியதாயிற்று. அரசுக்கு லாபம்தான்: 8 லட்சம் பவுனுக்கு மேல் இருந்த மானியம் மூன்று நான்கு வருஷத்தில் 6 லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கியது.

இதை எதிர்த்தவர்களில் ஒருவர் கவிஞர் மாத்யூ ஆர்னால்டு. 35 வருஷம் பள்ளி இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தவர், 1851 முதல் 1886 வரை. மேலதிகாரியின் திட்டத்தை எதிர்த்து 1862-லேயே கட்டுரை எழுதினார். அவருடைய வாதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. அதற்கு முன்பு இன்ஸ்பெக்டர் என்றால் ஒரு பள்ளிக்குப் போய், அதன் நடப்பை முழுசாகப் பார்த்து, வாத்தியாரோடு பேசி, ஒரு அபிப்பிராயம் எழுதுகிறவர். 1862-க்குப் பிறகு அவர் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துத் தேறியவன், தவறியவன் என்று கோடு போடும் குமாஸ்தா ஆனார். பார்க்கத் தெரிந்த ஒருவருடைய கண்ணைப் பிடுங்கி, கையில் ஒரு அட்டவணையைக் கொடுத்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

லோவைப் பற்றி ஒரு வார்த்தை. இன்ஸ்பெக்டர்களின் அறிக்கைகளில் கைவைத்தார்கள் என்ற புகாரில் 1864-ல் அவர் பதவி விலக நேர்ந்தது. பிறகு விசாரணையில் அவர்மேல் குற்றமில்லை என்றாயிற்று. பின்னாளில் நிதியமைச்சர் ஆனார். 1871-ல் தீப்பெட்டிக்கு வரி போடப் போய், லண்டன் தீப்பெட்டித் தொழிலாளிகள் தெருவில் இறங்கியதும் வாபஸ் வாங்கினார். சிவகாசிப் பக்கத்துக்காரனான எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

அந்தச் சூத்திரம் கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. 1860-களின் பிற்பகுதியிலிருந்து சென்னை மாகாணத்திலும் ரிசல்ட் பார்த்து மானியம் என்ற முறை ஓடியது. நெல்லும் காசும் நவராத்திரி வரும்படியுமாகக் காலம் தள்ளிய திண்ணைப் பள்ளி அண்ணாவியும் இன்ஸ்பெக்டர் வருகிற தேதியை எண்ணிக் காத்திருக்கிறவர் ஆனார். இங்கிலாந்தில் 1890-களில் அந்த முறை ஓய்ந்தது. இங்கே வைஸ்ராய் கர்சன் காலத்தில், 1904-ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானத்தோடு கைவிட்டார்கள். சட்டம் போனாலும் பழக்கம் போகவில்லை என்பது என் கட்சி. இங்கிலாந்தில் தலைமை இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற எட்மண்ட் ஹோம்ஸ் 1911-ல் ஒரு புத்தகம் எழுதினார். அந்த முப்பது வருஷப் பழக்கம் ஆசிரியர்களின் எலும்பில் ஏறிவிட்டது என்பதுதான் அதில் அவருடைய புலம்பல். நம் எலும்பில் ஏறியதை யாரும் புத்தகமாக எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் இல்லை, மார்ச் மாதம் எந்தப் பள்ளிக்குள் நுழைந்தாலும் தெரியும்.

அதை என் வகுப்பிலிருந்தே காட்டுகிறேன். சமச்சீர் பாடத்திட்டம் வந்த பிறகு பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளில் வடிவியல் வரைதலுக்குப் பத்து மார்க், கிராப்புக்குப் பத்து மார்க் என்று அப்போது இருந்தது. பாஸ் மார்க் 35. இந்த இருபதை வாங்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, ஒரு மார்க் கேள்விகளிலும் மனப்பாடக் கணக்குகளிலும் மீதியைத் தேற்றிவிடலாம். அரசு பாஷையில் ‘மெல்லக் கற்போர்’ என்றால் இதுதான் மருந்து. ‘மினிமம் மெட்டீரியல்’ என்று பத்துப் பக்க ஜெராக்ஸ். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், இடையில் அதே பத்துப் பக்கம்.

ஒரு பையன். ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை. கை அவ்வளவு சுத்தம். வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடு வரைவதை நூறு தடவை செய்திருப்பான். மையத்தைக் குறிப்பான், புள்ளியைக் குறிப்பான், இரண்டையும் சேர்ப்பான், நடுப்புள்ளி எடுத்து இன்னொரு வட்டம் போடுவான், வெட்டுகிற இடத்தைச் சேர்ப்பான். அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். பெருமையாக அவன் தோளில் கைவைத்து, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்: “இந்தக் கோடு வட்டத்தை எத்தனை இடத்துலடா தொடுது?” பையன் படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “சார், அத எக்ஸாம்ல கேக்க மாட்டாங்க சார்.”

அவன் பாஸ் ஆனான். 38 மார்க்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு, அதை நான்தான் செய்தேன். தலைமையாசிரியராக இருந்தபோது ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் பிறகு மாவட்டத்தில் ஆய்வுக் கூட்டம் நடக்கும். தேர்ச்சி குறைந்த பள்ளித் தலைமையாசிரியர்களை எழுப்பி நிற்க வைத்துக் காரணம் கேட்பார்கள். ஐம்பத்தைந்து வயதில், ஒரு ஹால் நிறைய ஆட்கள் முன்னால், எழுந்து நிற்பது. ஒரு வருஷம் நின்றேன். அடுத்த வருஷம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் மூன்று பாடத்தில் தேறமாட்டாள் என்று தெரிந்தபோது, அவள் அம்மாவைக் கூப்பிட்டு, “பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வையுங்களேன், பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம்” என்று கனிவாகப் பேசினேன். அந்தத் தாய் கும்பிட்டுவிட்டு டி.சி. வாங்கிப் போனார். அந்தப் பெண் தேர்வு எழுதினாளா என்று நான் விசாரிக்கவில்லை. எங்கள் பள்ளி அடுத்த வருஷம் நூற்றுக்கு நூறு. கேடயம் வாங்கினேன்.

கவனியுங்கள், இதில் எங்கேயும் ஒரு பைசா இல்லை. சம்பளம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு கேடயமும் ஒரு கூட்டத்தில் எழுந்து நிற்கிற வெட்கமும், அவ்வளவுதான். அதற்கே என்னைப் போல ஒரு ஆள் இதைச் செய்தான் என்றால், மாதச் சம்பளத்தையும் அந்தத் தராசில் வைத்தால் என்ன ஆகும்? தனியார் பள்ளிகளில் அது நடக்கிறது. சென்டத்துக்கு இவ்வளவு என்று ஆசிரியருக்குப் பரிசு, ரிசல்ட் வராவிட்டால் ஜூன் மாதம் வேறு வேலை. பிளஸ் ஒன் பாடத்தையே திறக்காமல் இரண்டு வருஷமும் பிளஸ் டூ புத்தகத்தை அரைத்த பள்ளிகளை ஊரே அறியும். அந்த வழக்கத்தை உடைக்கத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். ரேங்க் அறிவிப்பதையும் 2017-ல்தான் நிறுத்தினார்கள்.

வெளிநாட்டில் இதன் உச்சத்தை அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் பார்த்தார்கள். தேர்வு மதிப்பெண் இலக்கை எட்டினால் போனஸ், எட்டாவிட்டால் வேலைக்கு ஆபத்து. அந்த நகரப் பள்ளிகளின் தலைவி 2009-ல் நாட்டின் சிறந்த கல்வி நிர்வாகி என்ற விருதும் வாங்கினார். 2011-ல் வந்த விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் முறைகேடு, 178 பேருக்குத் தொடர்பு என்றது. பிள்ளைகளின் விடைத்தாளில் தவறான விடையை ரப்பரால் அழித்துச் சரியானதைக் குறித்திருக்கிறார்கள். ஒரு பள்ளி ஆசிரியர்கள் இதற்காகவே வார இறுதியில் ஒருவர் வீட்டில் கூடியிருக்கிறார்கள். 2015-ல் 11 பேரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்த்தது, கொள்ளைக் கூட்டத்தாருக்கு என்று இருக்கிற சட்டத்தின் கீழ். ஆசிரியர்கள்! அதில் சிலராவது தொடங்கும்போது ஆறரை பஸ் ஆசிரியர்களாக இருந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதோடு பேச்சை முடித்திருந்தால் என் சங்கத்து நண்பர்கள் கைதட்டியிருப்பார்கள். ஆனால் பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒன்று என் வாதத்துக்கு இடைஞ்சலாக நிற்கிறது. அதை மறைத்துப் பேசுவது வக்கீல் வேலை.

2005-ல், அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில், கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை தொடங்கினார்கள். அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை அதைக் களத்தில் நடத்தியது. கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் 300-ஐக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். நூறு பள்ளிகளில் ஆசிரியருக்குத் தனித்தனியாகப் போனஸ். நூறு பள்ளிகளில் பள்ளிக்கே சேர்த்துப் போனஸ். நூறு பள்ளிகள் வழக்கம்போல. போனஸ் என்பது சம்பளத்தில் கைவைப்பது இல்லை, அதற்கு மேல் கிடைப்பது. அதுவும் சராசரியாக வருஷச் சம்பளத்தில் 3 சதவீதம் அளவுக்குத்தான். பிள்ளைகள் எவ்வளவு மார்க் வாங்கினார்கள் என்று பார்க்கவில்லை, போன தடவையைவிட எவ்வளவு முன்னேறினார்கள் என்று பார்த்தார்கள். படிக்காத பிள்ளையை ஒதுக்கி வைத்தால் ஆசிரியருக்கு நஷ்டம் வரும்படி கணக்கு அமைத்தார்கள். தேர்வை நடத்தியதும் திருத்தியதும் வெளியாட்கள். கேள்விகளில் ஒரு பகுதி மனப்பாடத்துக்கு வளைந்து கொடுக்காதவை. என் தொடுகோட்டுப் பையனிடம் நான் கேட்ட மாதிரியான கேள்விகள்.

இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது போனஸ் பள்ளிப் பிள்ளைகள் தெளிவாக முன்னே நின்றார்கள். நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கிற பிள்ளை, கணக்கில் ஏறக்குறைய பத்து இடம் மேலே போனது என்று வைத்துக்கொள்ளலாம். மொழிப் பாடத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. யோசிக்க வைக்கும் கேள்விகளிலும் முன்னேற்றம். போனஸே இல்லாத அறிவியலிலும் சமூக அறிவியலிலும்கூட முன்னேற்றம்! ஐந்து வருஷம் தொடர்ந்ததில் தனித்தனி போனஸ் கொடுத்த பள்ளிகள் இன்னும் மேலே போயின. இந்த முந்நூறுக்கு வெளியே, அதே அளவு பணத்தை வேறு வகையில் செலவழித்த பள்ளிகளைவிட இவை நன்றாகச் செய்தன.

இதைப் படித்தபோது எனக்கு இரண்டு நாள் எரிச்சல். குறை கண்டுபிடிக்கலாம் என்று தேடியதில் ஒரு வேடிக்கையான விவரம் அகப்பட்டது. போனஸ் வந்த பிறகும் ஆசிரியர்கள் லீவு போடுவது குறையவில்லை. பள்ளிக்கு வந்த நாட்களில் கூடுதலாக வேலை செய்திருக்கிறார்கள்: வீட்டுப்பாடம், மாலை வகுப்பு, பலவீனமான பிள்ளைகளைத் தனியாகக் கவனிப்பது. நம் நாட்டில் 2003-ல் முன்னறிவிப்பு இல்லாமல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தபோது நான்கு ஆசிரியர்களில் ஒருவர் பள்ளியில் இல்லை. எல்லாரும் ஓடிப்போனவர்கள் என்று சொல்ல வரவில்லை. முறையாக விடுப்பு எடுத்தவர்களும் அரசு வேலையாகப் போனவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. ஆனாலும் நாலில் ஒன்று.

வருகையைப் பணத்தால் வாங்கலாம் என்று காட்டியது ராஜஸ்தானின் உதய்பூர். சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகள். ஆசிரியரிடம் ஒரு கேமரா. காலையில் பிள்ளைகளோடு ஒரு போட்டோ, பள்ளி விடும்போது ஒரு போட்டோ, தேதியும் நேரமும் மாற்ற முடியாதபடி. மாதத்தில் பத்து நாளுக்குக் குறைவாக வந்தால் 500 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 50. வராத நாட்கள் நூற்றுக்கு 42-லிருந்து 21-ஆகக் குறைந்தன. பிள்ளைகளும் கொஞ்சம் கூடுதலாகப் படித்தார்கள்.

கென்யாவிலும் இதே மாதிரி ஒரு சோதனை நடந்தது. அங்கே பரிசுக்குரிய தேர்வில் மார்க் ஏறியது, பரிசு நின்றதும் ஏறியது இறங்கிவிட்டது. அமெரிக்காவின் நாஷ்வில்லில் கணக்கு ஆசிரியர்களுக்கு வருஷம் 15,000 டாலர் வரை தருவதாகச் சொல்லி மூன்று வருஷம் பார்த்தார்கள், மொத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நியூயார்க்கிலும் 2007-லிருந்து மூன்று வருஷம், தலைக்கு 3,000 டாலர் வீதம் பள்ளிக்குப் போனஸ். பலனில்லை என்று 2011-ல் மூட்டை கட்டினார்கள். மறுபக்கம், தரம் எதையும் பாராமல் சும்மா சம்பளத்தை உயர்த்தினால் போதும் என்பவர்கள் இந்தோனேசியாவைப் பார்க்க வேண்டும். அங்கே சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளம் அளவுக்கு இன்னொரு சம்பளம் கொடுத்தார்கள். 360 பள்ளிகளை ஆராய்ந்ததில் ஆசிரியர்கள் நிம்மதியாக இருந்தார்கள், கடன் தொல்லை குறைந்தது. பிள்ளைகளின் படிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆந்திரத்தில் பலித்தது நாஷ்வில்லில் ஏன் பலிக்கவில்லை? என் அனுபவத்தில் எனக்குத் தோன்றுவது இது. ஆந்திரத்துக் கிராமப் பள்ளியில் ஆசிரியர் செய்யத் தெரிந்தும் செய்யாமல் விட்ட வேலை நிறைய இருந்தது. ஒரு மாலை வகுப்பு எடுத்தாலே பிள்ளை ஒரு படி ஏறும் நிலை. நாஷ்வில் வாத்தியார் தெரிந்ததையெல்லாம் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். அவருக்குத் தெரியாததைப் பணம் சொல்லிக் கொடுக்காது. என் தொடுகோட்டுப் பையனுக்குக் கோடு என்றால் என்னவென்று புரிய வைக்கும் வழி எனக்குத் தெரிந்திருந்தது. நேரம்தான் இல்லை, பத்துப் பக்க ஜெராக்ஸ் இருந்ததால். ஆந்திர ஆசிரியருக்கும் நாஷ்வில் வாத்தியாருக்கும் நடுவில் எங்கோ நான்.

இன்னொன்றும் ஆந்திரத்தில் இருந்தது. அளந்தவர்களுக்கு அளவில் சொந்த லாபம் இல்லை. கேள்வியை யோசித்து எடுத்தார்கள், வெளியாள் வந்து நடத்தினார், கலெக்டருக்குக் கணக்குக் காட்டும் தேவை யாருக்கும் இல்லை. அதே திட்டத்தை நாளைக்கே மாநிலம் முழுக்க விரித்து, பக்கத்துப் பள்ளி ஆசிரியரே தேர்வை நடத்தி, மார்க்கைக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் தலைமையாசிரியர் ஏற்றி, அதைப் பார்த்து மேலதிகாரிக்கும் பெயர் கிடைக்கும் என்றால், அந்த எண் மூன்றாம் மாதமே பழுத்துவிடும். பழுக்க வைக்கத் தெரிந்தவர்கள் நாங்கள்.

நம் மாநிலத்தில் இதைப் பேசுவதற்கு முன்னால் வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. வேலையைப் பார்த்து வேறு வேறு சம்பளம் கொடுக்கலாமா என்று இங்கே விவாதிக்கிறோம். ஒரே வேலைக்கு வேறு வேறு சம்பளம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 2009 மே 31-க்குள் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 என்று நிர்ணயித்தார்கள். மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. அதே இரண்டாம் வகுப்பு, அதே அ, ஆ. அவர்கள் பலமுறை சென்னைக்கு வந்து போராடிய படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி சொல்லித்தரப் பதினாறாயிரத்துச் சொச்சம் பேரைப் பகுதிநேரமாக எடுத்தார்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு. ஓவிய ஆசிரியரின் ரிசல்ட்டை எந்தத் தேர்வில் பார்ப்பீர்கள்? ஒன்றாம் வகுப்பில் எழுத்தறிவித்தவரின் பங்கைப் பத்தாம் வகுப்பு மார்க்கில் எப்படிப் பிரிப்பீர்கள்? ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்து மேய்ப்பவருக்குச் சூத்திரம் போடுங்கள் பார்க்கலாம்.

சரி, அந்த மனை வியாபாரியை என்ன செய்வது?

இங்கேதான் மாத்யூ ஆர்னால்டிடம் திரும்ப வருகிறேன். அந்த ஆள் பாடம் நடத்தவில்லை என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியும். பள்ளிக்கூட வாட்ச்மேனுக்குத் தெரியும். அதற்கு எந்தச் சூத்திரமும் தேவைப்படவில்லை. 17-பி என்று ஒரு விதி இருக்கிறது, முன்வரிசைக்குப் புரியும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, விசாரித்து, இன்கிரிமென்ட்டை நிறுத்துகிற வரைக்கும் போகலாம். அதாவது வேலையைப் பார்த்துச் சம்பளம் என்பது நம் சட்டத்திலேயே இருக்கிறது. முதல் அடி என்னுடையது: நேரில் பார்த்ததை எழுதி மேலே அனுப்புவது. ஆறு வருஷத்தில் நான் ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் விசாரணை என்று என்னையும் மூன்று வருஷம் இழுப்பார்கள், சங்கத்தில் பேச்சு வரும், அவர் என் மகள் கல்யாணத்துக்கு வந்தவர் வேறு. வேலைக்குச் சேர்ந்ததும் இரண்டு வருஷம் தகுதிகாண் பருவம் என்று வைத்திருக்கிறோம். என் சர்வீஸில் அதில் தகுதி இல்லை என்று ஒருவரை வீட்டுக்கு அனுப்பி நான் பார்த்ததில்லை. இரண்டாவது வருஷக் கடைசியில் ஒரு படிவம் வரும், ‘திருப்திகரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். எனக்கும் அப்படித்தான் ஒருவர் போட்டார்.

பக்கத்தில் இருந்து பார்த்தவன் சொல்ல மறுத்ததை எண் வந்து சொல்லட்டும் என்று எதிர்பார்க்கிறோம். லோவும் அதைத்தான் செய்தார். இன்ஸ்பெக்டரின் கண்ணை நம்பாமல் ஷில்லிங்கை நம்பினார்.

என்னிடம் யாராவது யோசனை கேட்டால், சம்பளத்தைத் தொடாதீர்கள் என்பேன். பொதுத்தேர்வு மார்க்கை ஆசிரியரின் பையோடு கட்டவே கட்டாதீர்கள். ஒன்று முதல் ஐந்து வரை, பிள்ளை வாசிக்கிறதா கூட்டுகிறதா என்பதை வெளியாளை வைத்து அளந்து, முன்னேற்றத்துக்குச் சின்னதாக ஒரு போனஸ் கொடுத்துப் பார்க்கலாம், சில மாவட்டங்களில், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தும்படி. ஆந்திரத்தின் முன் நான் அவ்வளவு தூரம் இறங்கி வருகிறேன்.

ஆனால் நம் ஆசிரியர்களுக்குப் பணத்தைவிட மதிப்பான நாணயம் வேறு இருக்கிறது. மே மாதம் இடமாறுதல் கலந்தாய்வு நடக்கிற மண்டபத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கையில் குழந்தை, மடியில் சாப்பாட்டுக் கூடை, திரையில் ஊர்ப் பெயர் ஓடுகிறது. தன் ஊருக்கு இருபது கிலோமீட்டர் பக்கத்தில் ஒரு காலியிடம் கிடைத்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அந்த மண்டபத்தில் ஒருவரிடம் 3 சதவீத போனஸ் வேண்டுமா, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி வேண்டுமா என்று கேளுங்கள். மலைப் பள்ளியில் ஐந்து வருஷம் நன்றாக வேலை பார்த்தவருக்கு அந்தத் திரையில் முதல் வரிசை கிடைத்தால் போதும். நன்றாக வேலை பார்த்தார் என்று யார் சொல்வது என்று கேட்பீர்கள். தலைமையாசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர், ஊர்ப் பெற்றோர், மூன்று பேரும் பெயர் போட்டு, காரணம் எழுதி, நாளைக்குக் கேள்வி கேட்டால் பதில் சொல்லும்படி சொல்லட்டும். பாரபட்சம் வரும். வரத்தான் செய்யும். எண்ணிலும் வந்ததைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம். எழுத்தில் வந்தால் எழுதியவரின் பெயராவது கீழே இருக்கும்.

கேள்வி நேரம் வேண்டும் என்று தலைவர் முன்பே சொல்லிவிட்டார். மூன்றாவது வரிசையில் ஒருவர் ரொம்ப நேரமாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆறரை பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது டீச்சர். நீங்கள் முதலில் கேளுங்கள்.